கந்த சஷ்டி விரதமும் டைப் 1 சர்க்கரையும்: வளரும் பிள்ளைகள் கேட்கும் "நான் யார்?"



நம்ம குரூப்ல ஒரு அக்கா கேட்டிருந்த கேள்வியை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அவங்க பொண்ணுக்கு 13 வயசு. ரெண்டு வருஷமா டைப் 1 சர்க்கரை, தினமும் நாலு ஊசி. இந்த வருஷம் கந்த சஷ்டி ஆறு நாளும் விரதம் இருந்தே தீருவேன்னு பாப்பா அடம் பிடிக்கிறாளாம், இருக்கலாமா என்பதுதான் கேள்வி. "தாராளமா இருக்கட்டும், முருகன் பார்த்துப்பான்" என்று பலர் பதில் போட்டிருந்தார்கள். ஒரு பெரியவர் ஒரு படி மேலே போய், "ஆறு நாளும் ஊசியை நிறுத்திட்டு விரதத்தை மட்டும் நம்பச் சொல்லுங்க, நோயே ஓடிடும்" என்று எழுதியிருந்தார். அவர் நல்ல மனசோடதான் சொன்னார், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடிய ஆலோசனை. அதனால்தான் தனி மெசேஜாகப் போடாமல் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. எனக்கு 11 வயசில் டைப் 1 வந்தது, இப்போ 28. பதினேழு வருஷமா இதோடதான் குடித்தனம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் உடம்பு விஷயம். இது தள்ளிப் போடக் கூடாதது.

நம்ம வயிற்றுக்குப் பின்னாடி கணையம்னு ஒரு உறுப்பு இருக்கு. அதில் இருக்கும் பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கும். டைப் 1-ல் நம்ம உடம்பின் காவல் படையே ஆள் தெரியாமல் அந்த செல்களை எதிரின்னு நினைச்சு அழிச்சிடும். இனிப்பு அதிகம் தின்னதால வரது இல்லை. அம்மா கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதால வரது இல்லை. ஒட்டிக்கவும் செய்யாது. நம்ம தாத்தா பாட்டிக்கு 50 வயசுக்கு மேல் வரும் சர்க்கரை பெரும்பாலும் டைப் 2. அதில் உடம்பில் இன்சுலின் ஓரளவு இருக்கும், மாத்திரை, நடைப்பயிற்சி, சாப்பாட்டுக் கட்டுப்பாடு எல்லாம் வேலை செய்யும். டைப் 1 பிள்ளைக்கு உடம்பில் சொந்த இன்சுலின் கிட்டத்தட்ட இல்லை. வெளியிலிருந்து போட்டால்தான் உண்டு.

இங்கேதான் விரதத்தில் ஒரு பெரிய தப்பெண்ணம் வருது. "சாப்பிடவே இல்லையே, அப்புறம் எதுக்கு ஊசி?" நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் நாம் ஒரு வாய் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கிட்டேதான் இருக்கும். அந்தச் சர்க்கரை செல்லுக்குள்ள போக இன்சுலின் வேணும். இன்சுலின் சுத்தமா இல்லைன்னா உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும், கீட்டோன் என்கிற அமிலம் ரத்தத்தில் ஏறும். வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழமான மூச்சு, வாயில் பழ வாசனை. கீட்டோஅசிடோசிஸ்னு பேர். ஓரிரு நாளுக்குள்ளேயே, சில சமயம் சில மணி நேரத்திலேயே, ஐசியு வரை கொண்டுபோய் விடும். இன்னொரு பக்கம், வழக்கமான அளவு ஊசியைப் போட்டுட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழ இறங்கும், கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும், மயக்கம் வரும். ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவில் ஒத்தையடிப் பாதை.

அதனால் அக்கா, பதில் இதுதான். ஊசியை நிறுத்தவே கூடாது. நாள் முழுக்க வேலை செய்யும் அடிப்படை இன்சுலின் விரதத்திலும் போட்டே ஆகணும், அளவை மட்டும் டாக்டர் மாற்றிச் சொல்லுவார். மிளகு விரதம், வெறும் தண்ணீர் விரதம் எல்லாம் பாப்பாவுக்கு வேண்டாம். இளநீர் விரதம்னு சொன்னாலும் இளநீரில் சர்க்கரை உண்டு, கணக்கில் வரும். ஒரு வேளை இனிப்பைத் துறப்பது, வெங்காயம் பூண்டு விலக்குவது, ஆறு நாளும் செல்போனை ஒதுக்குவது, கவசம் சொல்வது, இவையும் விரதம்தான். சூரசம்ஹாரம் பார்க்கக் கூட்டத்தில் நிற்கும்போது அவள் பையில் குளுக்கோஸ் பவுடரும் பிஸ்கட்டும் கட்டாயம் இருக்கணும். சர்க்கரை இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட். "விரதம் முறிஞ்சிடுமே"ன்னு யாராவது சொன்னால் அவங்க காதில் விழாத தூரத்துக்குப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுங்க.

சரி, இப்போ நான் உண்மையில் பேச வந்த விஷயம்.

அக்கா எழுதின மெசேஜின் கடைசியில் பாப்பா சொன்னதா ஒரு வரி இருந்தது. "எல்லாரும் விரதம் இருக்காங்க, நான் மட்டும் ஏன் பேஷண்ட்டாவே இருக்கணும்?" விரதம் இருக்கலாமா வேண்டாமா என்பதற்கு நாமெல்லாம் போட்டி போட்டு பதில் சொன்னோம். இந்தக் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லலை.

பெரியவங்களுக்கு நோய் வருவதும் பிள்ளைகளுக்கு வருவதும் ஒண்ணு இல்லை. எங்க அப்பாவுக்கு 52 வயசில் சர்க்கரை வந்தது. அதற்குள் அவர் யார்னு அவருக்குத் தெரியும். வாத்தியார், மூணு பிள்ளைகளுக்கு அப்பா, கபடி நல்லா ஆடுவார், கோபக்காரர். இதோடு "சர்க்கரை இருக்கு" என்பது ஒரு வரியாகச் சேர்ந்துக்கிச்சு, அவ்வளவுதான். 11 வயசுப் பிள்ளைக்கு அந்தப் பட்டியலே இன்னும் எழுதப்படலை. வெள்ளைத் தாளில் முதல் வரியே "சர்க்கரை நோயாளி". அதுக்கப்புறம் எழுதற எல்லாமே அந்த வரிக்குக் கீழதான் வருது. எனக்குப் பொறுமை இருக்கா, இல்லை நோய் கத்துக்கொடுத்ததா? நான் ஏன் கணக்குல கெட்டி? தினமும் சாப்பாட்டைக் கிராம் கணக்கில் கூட்டிக் கூட்டி வந்ததா? நோய் வராத நான் எப்படி இருந்திருப்பேன்? ப்ரோக்ராமில் சந்தேகம் வந்தால் ஒரு பகுதியை மட்டும் நிறுத்திவெச்சுட்டு மீதியை ஓட்டிப் பார்க்கலாம். வாழ்க்கையில் அந்த வசதி இல்லை. இந்தக் கேள்வி 13, 14 வயசில் எல்லா டைப் 1 பிள்ளைக்கும் வரும். சிலர் வாய்விட்டுக் கேட்பாங்க. பல பேர் கேட்காமல் ஊசியைத் தவிர்த்துப் பார்ப்பாங்க.

இதே வயசில் உடம்பும் சதி பண்ணும். பருவ வயசில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கும். நேற்று வரை போதுமாக இருந்த அளவு இன்னிக்குப் போதாது. பிள்ளை எல்லாம் சரியாச் செய்தும் சர்க்கரை 280 காட்டும். உடனே வீட்டில் முதல் கேள்வி, "திருட்டுத்தனமா என்ன தின்ன?" ஒண்ணுமே தின்னாத பிள்ளை திருட்டுப் பட்டம் வாங்கும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுக்கும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் ரிசல்ட்டை எங்க வீட்டில் மார்க் ஷீட் மாதிரி பார்ப்பாங்க. நல்ல நம்பர் வந்தா நல்ல பொண்ணு, கெட்ட நம்பர் வந்தா கெட்ட பொண்ணு. பெற்றோர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள்: நம்பரைப் பார்த்ததும் "ஏன்?" என்று கேட்காதீங்க. "சரி, இப்போ எவ்வளவு போடணும்?" என்று கேளுங்க.

உலகத்தில் இந்தக் கேள்வியைச் சந்திக்க நேர்ந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளில் ஒருத்தரைப் பற்றி நான் காலேஜ் படிக்கும்போது படிச்சேன். அதுக்கப்புறம் அவங்களை மறக்க முடியலை. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்றேன், பொறுத்துக்கோங்க.

1922-க்கு முன்னாடி டைப் 1 வந்த பிள்ளை பிழைக்காது. நம்ம ஊர்லயும் சரி, அமெரிக்காவிலும் சரி. கொஞ்சம் நாளைத் தள்ளிப் போட ஒரே வழி பட்டினி வைத்தியம். ஃப்ரெடரிக் ஆலன் என்ற அமெரிக்க டாக்டர் அதில் பேர் போனவர். உயிர் போகாத அளவுக்கு மட்டும் சாப்பாடு. பிள்ளைகள் சர்க்கரையால் சாகாமல் எலும்பும் தோலுமாக நாளை எண்ணிக்கிட்டு இருப்பாங்க.

எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமிக்கு 1919-ல், 11 வயசில், இந்த நோய் வந்தது. எனக்கு வந்த அதே வயசு. அவங்க அப்பா சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் சாதாரண ஆள் இல்லை. 1916-ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்றவர், 1921-லிருந்து வெளியுறவு அமைச்சர். பணமும் பதவியும் இருந்தும் மகளுக்குக் கிடைத்தது ஆலனின் பட்டினி வைத்தியம்தான். மூணு வருஷம் அந்தப் பொண்ணு அப்படியே தாக்குப் பிடிச்சது. 1922 ஆகஸ்டில் கனடாவின் டொரோண்டோ நகரத்துக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போனபோது 15 வயசு ஆகப் போகிற பொண்ணுக்கு எடை சுமார் 20 கிலோ. நம்ம வீட்டில் ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பிள்ளையின் எடை.

அதற்கு முந்தின வருஷம்தான் அதே டொரோண்டோவில் ஃப்ரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டுபிடிச்சிருந்தாங்க. 1922 ஜனவரி 11-ம் தேதி லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயசுப் பையனுக்கு முதல் ஊசி. அது சரியா வேலை செய்யலை. ஜேம்ஸ் காலிப் என்பவர் மருந்தை இன்னும் சுத்தப்படுத்தினார். ஜனவரி 23-ல் மறுபடி போட்டாங்க, சர்க்கரை இறங்கிடுச்சு. அந்தக் காப்புரிமையை அவங்க டொரோண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தது இன்னொரு பெரிய கதை. அந்த மருந்துதான் எலிசபெத்துக்கும் கிடைச்சது. பான்டிங்கே நேரடியாகப் பார்த்துக்கிட்டார். பொண்ணு சாப்பிட ஆரம்பிச்சாங்க. ரொட்டி, உருளைக்கிழங்கு, பல வருஷமாகக் கண்ணால் பார்க்காத உணவெல்லாம். அந்த நாட்களில் அம்மாவுக்கு எழுதின கடிதங்கள் இன்னும் டொரோண்டோ பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமா இருக்கு. சில மாசத்தில் எடை ஏறி வீடு திரும்பினாங்க.

எல்லாரும் இதோடு கதையை நிறுத்திடுவாங்க. நான் சொல்ல வந்தது இதுக்கப்புறம்தான்.

எலிசபெத் காலேஜ் படிச்சாங்க, 1930-ல் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, மூணு பிள்ளை பெத்தாங்க, அமெரிக்க உச்ச நீதிமன்ற வரலாற்றுச் சங்கம் தொடங்குவதில் முன்னால் நின்னாங்க. 1981-ல் 73 வயசில் இறந்தாங்க. 58 வருஷத்தில் சுமார் 42,000 ஊசி. இந்த 42,000 ஊசியையும் ஊருக்குத் தெரியாமல் போட்டுக்கிட்டாங்க. தனக்குச் சர்க்கரை இருக்கு என்பதை ரொம்ப நெருங்கின சிலரைத் தவிர யாருக்கும் சொல்லலை. அப்பாவின் காகிதங்களில் தன் நோயைப் பற்றி இருந்த குறிப்புகளை எல்லாம் தேடி எடுத்தாங்க. நோயில் இளைத்திருந்த காலத்துப் புகைப்படங்களை அழிச்சாங்க. இன்சுலினால் பிழைத்த அதிசயப் பொண்ணு என்று உலகம் கொடுக்க வந்த பேரை வாழ்நாள் முழுக்க அவங்க வாங்கிக்கவே இல்லை.

முதல் தடவை படிச்சப்போ எனக்குக் கோபம் வந்தது. இப்போ கோபம் இல்லை. அவங்க இடத்தில் இருந்து பார்த்தால் புரியுது. 11 வயசிலிருந்து 15 வயசு வரை அவங்க ஒரு நோயாக மட்டுமே இருந்தாங்க. டாக்டர், நர்ஸ், தராசு, சிறுநீர் டெஸ்ட். பிழைச்சு வந்ததும், இனி நான் எலிசபெத்தாக மட்டும் இருப்பேன்னு முடிவு பண்ணிட்டாங்க. அக்காவின் பாப்பா கேட்ட அதே கேள்விக்கு அவங்க கண்டுபிடிச்ச பதில் அது. அது தப்புன்னு சொல்ல எனக்கு என்ன தகுதி?

ஆனா ஒரு கணக்கு எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. 1940-லயோ 1950-லயோ எங்கேயோ ஒரு வீட்டில் பத்து வயசுப் பிள்ளைக்கு இந்த நோய் வந்திருக்கும். அந்தத் தாய் ராத்திரி பூரா அழுதிருப்பாங்க. "இந்த நோயோட காலேஜ் படிச்சு, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெத்து நல்லா இருக்கற ஒருத்தங்க இருக்காங்க" என்று அந்தத் தாய்க்குத் தெரிஞ்சிருந்தா எப்படி இருந்திருக்கும்? தெரிய வழியே இல்லை. மறைத்ததால் எலிசபெத்துக்கு நிம்மதி கிடைச்சிருக்கலாம். அந்த நிம்மதிக்கான விலையை முகம் தெரியாத யாரோ கொடுத்தாங்க.

எனக்கு இது வெறும் சரித்திரம் இல்லை. நோய் வந்த முதல் ஒரு வருஷம் எனக்குத் தெரிஞ்சு உலகத்திலேயே டைப் 1 இருந்தது நான் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் எங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் பேங்க் யூனிஃபார்மில் ஒரு அக்கா வந்து உட்கார்ந்தாங்க. பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்தாங்க, சுடிதார் டாப்பை லேசாத் தூக்கி வயித்தில் போட்டுக்கிட்டு, எதுவும் நடக்காத மாதிரி எங்க அம்மா கிட்ட "பஸ் எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். அவங்க பேர்கூடத் தெரியாது. திரும்பி வரும்போது எங்க அம்மா பஸ்ஸில் அழுதாங்க. நான் ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்துக்கிட்டு, நானும் பெரியவளானா பேங்க்ல வேலை பார்க்கலாம் போலன்னு நினைச்சேன். பெரியவளாக முடியும் என்பதே எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

நம்ம பக்தி வழியில் இதுக்கு ஏதாவது இருக்கான்னு கேட்டால், இருக்கு. இது என் சொந்தப் படிப்பு, தமிழ் அறிஞர்கள் யாராவது இருந்தா திருத்துங்க.

நோய் தீர வேண்டி நாம் பாடுகிற திருத்தணித் திருப்புகழ் ஒண்ணு உங்க எல்லாருக்கும் தெரியும். இருமல், தலைவலி, சோகை என்று அருணகிரிநாதர் வரிசையா நோய்களைச் சொல்லிக்கிட்டே போவார். அந்த வரிசையில் நீரிழிவும் இருக்கு. 15-ம் நூற்றாண்டிலேயே! எங்க அப்பத்தா இதை எனக்குப் பாடிக் காட்டினப்போ என் நோயின் பேர் பாட்டில் வருதேன்னு எனக்கு ஒரே பெருமை. பல வருஷம் கழிச்சு இன்னொண்ணைக் கவனிச்சேன். அருணகிரியார் அந்தப் பாட்டில் "நான் நோயாளி"ன்னு எங்கேயும் சொல்லலை. இந்த நோய்கள் எல்லாம் பிறவிகள்தோறும் என்னை வாட்டாதபடி அருள் செய் என்றுதான் கேட்கிறார். வாட்டுவது நோய். வாட்டப்படுவது "நான்". ரெண்டும் தனித்தனி. நோயின் பேரை ஒண்ணு விடாமல் வெளிப்படையாச் சொல்றார், ஒளிக்கலை. ஆனா எந்தப் பேரையும் தன் பேராக வெச்சுக்கலை. "எனக்கு டைப் 1 இருக்கு" என்பதுக்கும் "நான் ஒரு சுகர் பேஷண்ட்" என்பதுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்னு எனக்குத் தோணுது. சின்ன வார்த்தை வித்தியாசம்தான். ஆனா பிள்ளை தினமும் காதில் கேட்கிறது அதைத்தான். உறவுக்காரங்க வீட்டில் "இது எங்க சுகர் பாப்பா"ன்னு அறிமுகம் பண்றவங்க தயவு செய்து அதை நிறுத்துங்க.

இன்னொரு பக்கம் கவசம். தலையிலிருந்து கால் விரல் வரை உறுப்பு உறுப்பாக் காக்கச் சொல்லி வேண்டுவோம் இல்லையா? 12 வயசில் நான் அதில் கணையத்தைத் தேடினேன். வயிறு வருது, நாபி வருது, கணையம் வரலை. விட்டுட்டாங்கன்னு அப்பத்தா கிட்ட சண்டை. "வயித்துக்குள்ளதானே சாமி இருக்கு அது, வயித்தக் காத்தா அதையும் காத்த மாதிரிதான்"னு சொல்லிட்டு அவங்க பாட்டுக்கு முருங்கைக் கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. கணையம் போய் ஒரு வருஷம் ஆச்சேன்னு நான் வாயைத் திறக்கலை. அவங்க சொன்ன தெம்பு எனக்குப் பிடிச்சிருந்தது.

நம்ம அடியார்கள் சிலர் சொல்வதில் எனக்கு ஒத்துக்க முடியாதது ஒண்ணு இருக்கு, சொல்லிடறேன். "முற்பிறவி வினை." இதைக் கோயில் வாசலில் வெச்சே என் முகத்துக்கு நேரா சொன்னவங்க உண்டு. வினை பற்றிய தத்துவத்தை நான் மறுக்கலை, அதுக்கு எனக்கு அறிவு போதாது. ஆனா அதை ஒரு 11 வயசுப் பிள்ளை கிட்டச் சொல்லும்போது அதன் காதில் விழுவது, "நீ ஏதோ கெட்டது பண்ணினவ" என்பது மட்டும்தான். ஏற்கெனவே ராத்திரி தூக்கம் வராமல் தன்னால்தான் வீட்டுக்குச் செலவு, தன்னால்தான் அம்மா அழறாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்கிற பிள்ளை அது. உங்க வாயால் அதை உறுதிப்படுத்தாதீங்க.

எலிசபெத் மாதிரி முழுசா மறைப்பது ஒரு எல்லை என்றால், நோயை மட்டுமே பேசிக்கிட்டு இருப்பது இன்னொரு எல்லை. அதிலும் சில பேர் மாட்டிக்கிறாங்க, எதுக்கெடுத்தாலும் "எனக்குச் சுகர், என்னால முடியாது". அது பற்றி எனக்கு அதிகம் சொல்லத் தெரியலை. வெளியில் சொல்லவே வழியில்லாமல் வளர்ந்தவங்களைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கேன்.

சொல்வதில் இருக்கும் சங்கடத்தையும் மறைக்கப் போறதில்லை. ஒரு உதாரணம். 2017-ல் சிபிஎஸ்இ டைப் 1 மாணவர்கள் பொதுத் தேர்வு ஹாலுக்குள் மிட்டாய், பழம், தண்ணீர் கொண்டுபோகலாம்னு அனுமதி கொடுத்தாங்க. நல்ல விஷயம், நான் பன்னிரண்டாவது முடிச்ச பிறகு வந்தது, பரவாயில்லை. ஆனா அந்தச் சலுகை வேணும்னா டாக்டர் சான்றிதழோட, எனக்கு இந்த நோய் இருக்குன்னு பள்ளிக்கூடம் வழியா எழுதிக் கொடுக்கணும். அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த பிள்ளை ஒரு வாழைப்பழத்துக்காகத் தன்னை அறிவிச்சுக்கணும். வேண்டாம்னு பேசாமல் இருந்துடற பிள்ளைகளை எனக்குப் புரியும். அதனால் நான் சின்னவங்க கிட்டச் சொல்றது, எல்லாருக்கும் சொல்ல வேண்டாம். மூணு பேருக்குச் சொல்லு. பக்கத்து பெஞ்ச் தோழி, பி.டி. வாத்தியார், பஸ்ஸில் கூட வரவங்க யாராவது ஒருத்தர். மயங்கி விழுந்தால் வாயில் தண்ணீர் ஊத்தாம ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தெரிஞ்ச மூணு பேர். உயிருக்கு அது போதும். மத்தவங்களுக்கு எப்போ சொல்றது என்பது உன் இஷ்டம், அவசரமே இல்லை.

எங்க ஊரிலிருந்து பழனி பாதயாத்திரை போறப்போ எனக்கு இது ரொம்ப உதவியா இருந்தது. நடக்க நடக்கச் சர்க்கரை இறங்கும், அதனால் டாக்டர் கிட்டக் கேட்டு இன்சுலினைக் குறைச்சுக்குவேன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை டெஸ்ட். வெயிலில் மருந்து கெடாம இருக்கச் சின்ன மண் கலயத்தில் ஈரத் துணி சுத்தி வெச்சு எடுத்துட்டுப் போவோம். முதல் வருஷம் அன்னதானப் பந்தலில் ஓரமா ஒதுங்கி ஊசி போட்டேன். மூணாவது வருஷம் பந்தலிலேயே. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, "என்ன கண்ணு, சக்கரையா? எனக்கும்தான்"னு சொல்லித் தன் மாத்திரை டப்பாவைக் காட்டினாங்க. பாட்டிக்கு டைப் 2, எனக்கு டைப் 1, வேற வேற நோய். அதையெல்லாம் அங்க விளக்கிக்கிட்டு இருக்கலை.

இப்போ வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறாங்க. "கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்"னு சொந்தத்தில் ஒருத்தர் யோசனை சொன்னார். எலிசபெத் காலத்தில் நடந்திருக்கலாம். குளிர்பெட்டியில் இன்சுலினும் கையில் சென்சாரும் வெச்சுக்கிட்டு இப்போ யாரிடமிருந்து மறைப்பது? மறைச்சுட்டு ஒரு நாள் ராத்திரி சர்க்கரை இறங்கி மயங்கினால், பக்கத்தில் படுத்திருக்கிறவருக்கு என்ன செய்யணும்னே தெரியாது. பயத்தில் உயிர் போறது என்னோடது. சொல்லித்தான் பேசணும்னு நான் சொன்னேன். அப்பா ரெண்டு நாள் பேசலை, மூணாம் நாள் சரின்னார். சொன்னதும் ஒரு இடம் போனை எடுக்கறதையே நிறுத்திட்டாங்க. அம்மாவுக்கு வருத்தம்தான். போன ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் பக்கத்திலிருந்து இன்னொரு ஜாதகம் வந்திருக்கு. அவங்களுக்கும் முதல் போன்லயே சொல்லிடுங்கன்னு அப்பா கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன்.